குடும்பப் பிரச்சினைக்கு போனில் கவுன்சலிங்: ராமநாதபுரம் கரையில் எந்த அளவுக்குக் கைகொடுக்கும்?

14416. முதலில் இந்த எண்ணை உங்கள் போனில் சேமித்துக்கொள்ளுங்கள். மிச்சத்தை அப்புறம் படிக்கலாம்.

"பையன் முகம் கொடுத்தே பேச மாட்டேங்கிறான்." "பொண்ணு ராத்திரி ஒரு மணி வரைக்கும் போனும் கையுமா இருக்கா." "அவரு கடலுக்குப் போயிட்டா வீட்ல நான் ஒருத்திதான். கோபத்துல பிள்ளையை அடிச்சிடுறேன், அப்புறம் நானே உக்காந்து அழறேன்." பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம், கீழக்கரை, தொண்டி என்று ராமநாதபுரம் மாவட்டக் கரையோரத்தில் எந்த ஊரிலும் கேட்கக்கூடிய பேச்சுதான் இது. ஆனால், "இதுக்கு யாரையாவது பார்க்கலாமே" என்று சொன்னால் இரண்டு பதில்கள் உடனே வரும். ஒன்று, "இதுக்கெல்லாமா டாக்டர்?" இன்னொன்று, "யாரைப் பார்க்குறது? மதுரைக்குல்ல போகணும்?"

முதல் கேள்விக்கு, ஆம், இதற்கும் உதவி உண்டு. இரண்டாவது கேள்விக்கு, பல நேரங்களில் மதுரைக்குப் போக வேண்டியதில்லை, போனே போதும். எல்லா நேரத்திலும் போதுமா என்றால், போதாது. எது போனில் முடியும், எது முடியாது, யாரை நம்பலாம், எவ்வளவு செலவாகும்? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

தூரம்தான் முதல் தடை

ராமேஸ்வரத்திலிருந்து மாவட்டத் தலைநகரான ராமநாதபுரம் சுமார் 55 கிலோமீட்டர். மதுரை சுமார் 170 கிலோமீட்டர். குடும்ப ஆலோசனை என்பது ஒருமுறை போய் மாத்திரை வாங்கிவரும் சமாச்சாரம் இல்லை. வாரத்துக்கு ஒருமுறை என்று ஆறு, எட்டு தடவையாவது உட்கார்ந்து பேச வேண்டியிருக்கும். ஒவ்வொரு தடவையும் ஒரு நாள் கூலி, பஸ் செலவு, பிள்ளைக்கு ஒரு நாள் பள்ளி விடுப்பு. இரண்டாவது தடவையோடு நிறுத்திவிடுபவர்களைக் குறை சொல்ல முடியாது.

ஆள் பற்றாக்குறையும் சேர்ந்துகொள்கிறது. இந்தியாவில் ஒரு லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லை (0.75) என்கிறது ஒரு கணக்கு. 13 முதல் 17 வயதுப் பிள்ளைகளில் 7.3 சதவீதம் பேருக்கு ஏதாவது ஒரு மனநலச் சிக்கல் இருப்பதாக நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16-ல் நடத்திய தேசிய மனநல ஆய்வு கணக்கிட்டது. மனநலப் பிரச்சினை உள்ளவர்களில், பிரச்சினையின் வகையைப் பொறுத்து, 70 சதவீதத்துக்கும் அதிகமானோர் சிகிச்சைக்கே வருவதில்லை.

ராமநாதபுரத்தில் 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது பெரிய மாற்றம். ஆனாலும் தீவிலிருந்தும் கடைக்கோடி மீனவக் கிராமங்களிலிருந்தும் அங்கே வந்து சேர ஒரு நாள் போய்விடுகிறது.

கடலும் வளைகுடாவும் வீட்டுக்குள் செய்யும் வேலை

இந்தக் கரையின் குடும்பங்களுக்கு என்றே சில நெருக்கடிகள் இருக்கின்றன. விசைப்படகில் போகிற அப்பா ஒரு இரவு முழுக்கக் கடலில் இருப்பார். திரும்பி வந்தால் அசதியில் தூக்கம். பிள்ளையைக் கண்டிப்பதும் கொஞ்சுவதும் அம்மா ஒருவர் தலையில்தான் விடியும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் வரும்போது நிலைமை தலைகீழ். அப்பா வீட்டிலேயே இருப்பார், வருமானம் இருக்காது, பிள்ளைகளுக்கும் கோடை விடுமுறை. ஒரே அறையில் எல்லோரும், எல்லோர் கையிலும் பணத் தட்டுப்பாடு. சண்டைக்கு வேறு காரணம் வேண்டியதில்லை.

இதற்கு மேல் கைது பயம். 2024-ல் மட்டும் 500-க்கும் அதிகமான இந்திய மீனவர்களை இலங்கைக் கடற்படை பிடித்தது. அவர்களில் பெரும்பாலோர் தமிழக மீனவர்கள். அப்பா யாழ்ப்பாணம் சிறையில் இருக்கும்போது பத்தாம் வகுப்புப் பிள்ளை புத்தகத்தைத் திறந்துவைத்து வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தால், அதைச் 'சோம்பேறித்தனம்' என்று திட்டுவதில் அர்த்தம் இல்லை.

கீழக்கரை, தேவிபட்டினம், பனைக்குளம் பக்கம் போனால் கதை வேறு. அங்கே வாப்பா துபாயிலோ சவுதியிலோ இருப்பார். பிள்ளைக்கு அவர் ஒரு வீடியோ கால் முகம். உம்மா, ராத்தா, நன்னி என்று வீட்டில் ஆள் இருந்தாலும், முக்கியமான முடிவு எல்லாம் போனில்தான்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். எந்தக் கவுன்சலிங்கும் படகை மீட்டுத் தராது, கடனை அடைக்காது, சிறையிலிருந்து ஆளைக் கொண்டுவராது. அந்த நாட்களில் வீடு உடைந்துபோகாமல் பார்த்துக்கொள்ள உதவும், அவ்வளவுதான். ஆனால் அந்த 'அவ்வளவுதான்' சின்ன விஷயம் இல்லை.

ஏர்வாடியை மறந்துவிட்டுப் பேச முடியாது

மனநலம் என்றாலே இந்த மாவட்டத்தில் பெரியவர்கள் மனதில் வரும் பெயர் ஏர்வாடி. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, அங்கிருந்த ஒரு தனியார் மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் தப்பிக்க முடியாமல் 28 பேர் உயிரிழந்தார்கள். உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. அப்படிப்பட்ட காப்பகங்கள் மூடப்பட்டன. பிற்பாடு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, மனநலம் பாதித்தவர்களைச் சங்கிலியால் கட்டுவதை எந்த வடிவிலும் தடை செய்தது. அரசிடமிருந்து மனநலச் சேவை பெறுவது ஒவ்வொருவரின் உரிமை என்றும் சொன்னது.

அந்த 28 பேரையும் அங்கே கொண்டுவந்து விட்டவர்கள் பெரும்பாலும் குடும்பத்தினர்தான். பலர் கொடுமைக்காரர்கள் இல்லை. வேறு வழி தெரியாதவர்கள். பக்கத்தில் கேட்க ஆள் இல்லை, இருந்த இடம் தூரம், ஊர் என்ன சொல்லுமோ என்ற பயம். 'கடைசியில் பார்த்துக்கலாம்' என்று தள்ளிப்போட்ட பிரச்சினை முற்றிய பிறகுதான் பயணமே தொடங்கும். பிரச்சினை சின்னதாக இருக்கும்போதே பேச ஒரு ஆள் கிடைப்பது ஏன் முக்கியம் என்பதற்கு இந்த மாவட்டத்துக்கு வேறு உதாரணம் தேவையில்லை.

தர்காவுக்கோ, கோயிலுக்கோ, மாதா கோயிலுக்கோ போவதைக் கவுன்சலர்கள் தடுப்பதில்லை. நேர்ச்சையும் நடக்கட்டும், சிகிச்சையும் நடக்கட்டும் என்பதுதான் இப்போதைய அணுகுமுறை.

பக்கத்து மாவட்டத்துக்குப் பஸ்ஸில் வந்த டாக்டர்

'ஸ்கிரீனில் பேசி மனசு சரியாகுமா?' என்று சந்தேகப்படுபவர்கள் புதுக்கோட்டையைப் பார்க்கலாம். சென்னையில் மருத்துவர் சாரதா மேனன் 1984-ல் தொடங்கிய 'ஸ்கார்ஃப்' அமைப்பு, 2010-ல் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு பஸ்ஸை ஓடவிட்டது. பஸ்ஸுக்குள் ஒரு ஆலோசனை அறை, ஒரு மருந்தகம். நோயாளி பஸ்ஸுக்குள் திரைக்கு முன்னால் உட்காருவார். மருத்துவர் சென்னையிலிருந்து பேசுவார். மருந்து அங்கேயே கிடைக்கும். ஸ்மார்ட்போன் எல்லோர் கைக்கும் வருவதற்கு முந்தைய காலம் அது.

அந்தத் திட்டம் பெரும்பாலும் தீவிர மனநோய்களுக்கானது. ஆனால் அதிலிருந்து கிடைத்த பாடம் நமக்கும் பொருந்தும். டாக்டர் திரையில் இருந்தாலும், உள்ளூரில் ஒரு ஆள் வேண்டும். பஸ் வரும் நாளைச் சொல்ல, வராதவர் வீட்டுக்குப் போய் விசாரிக்க, மாத்திரை சாப்பிடுகிறாரா என்று பார்க்க, கிராமத்தைத் தெரிந்த களப்பணியாளர்கள் இருந்தார்கள். தொழில்நுட்பம் மட்டும் தனியாக நின்று வேலை செய்யவில்லை.

14416-க்கு போன் பண்ணா என்ன நடக்கும்?

மத்திய அரசின் 'டெலி மானஸ்' சேவை 2022 அக்டோபர் 10, உலக மனநல நாளன்று தொடங்கப்பட்டது. தமிழகத்தில் இது 'நட்புடன் உங்களோடு மனநல சேவை' என்ற பெயரில் நடக்கிறது. பெங்களூரு நிம்ஹான்ஸ் இதற்கான தலைமை மையம். 24 மணி நேரமும் பேசலாம்; கட்டணம் இல்லை. 1-800-891-4416 என்ற எண்ணிலும் பேசலாம். 2025-க்குள் நாடு முழுவதும் 20 லட்சத்துக்கும் அதிகமான அழைப்புகள் வந்திருந்தன. 2024 அக்டோபரில் இதற்கான ஆப்பும் வந்தது.

போன் செய்ததும் மொழியைத் தேர்வு செய்யச் சொல்வார்கள். தமிழைத் தேர்ந்தெடுத்தால் பயிற்சி பெற்ற ஆலோசகர் ஒருவர் பேசுவார். இது முதல் நிலை. பெரும்பாலான அழைப்புகள் இங்கேயே முடிந்துவிடும். ஆலோசகர் கேட்டுவிட்டு 'இதற்கு நிபுணர் தேவை' என்று நினைத்தால், மனநல மருத்துவர் அல்லது உளவியலாளரிடம் இணைப்பார். நேரில் பார்க்க வேண்டும் என்றால், மாவட்ட மனநலத் திட்டம், அரசு மருத்துவமனை ஆகியவற்றுக்கு வழிகாட்டுவார்கள்.

"பைத்தியம்னு பதிவு பண்ணிடுவாங்களோ?" என்ற பயம் வேண்டாம். பரீட்சை பயம், தூக்கமின்மை, கணவன் மனைவி சண்டை, பிள்ளை சொல் பேச்சு கேட்காதது எல்லாமே அங்கே தினமும் வரும் பேச்சுதான். உங்கள் பையனுக்காக நீங்கள் பேசலாம். பையன் லைனில் இருக்க வேண்டும் என்ற அவசியமும் இல்லை.

ஒன்றை மனதில் வையுங்கள். இது உதவி எண். ஒரே ஆலோசகரிடம் வாராவாரம் முறையாகப் பேசும் தெரபிக்கு இது மாற்று அல்ல. முதல் படி எடுத்துவைக்க நல்ல வாசல்.

பிள்ளைக்குத்தானே பிரச்சினை, எங்களை ஏன் கூப்பிடுறீங்க?

பெற்றோர் பலரும் கேட்கும் கேள்வி இது. குழந்தை வளர்ப்பு தொடர்பான தெரபியில், குறிப்பாகப் பத்து வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைகளுக்கு, வேலையின் பெரும்பகுதி பெற்றோரோடுதான் நடக்கும். பிள்ளை தெரபிஸ்ட்டோடு இருப்பது வாரத்துக்கு ஒரு மணி நேரம். அம்மா அப்பாவோடு இருப்பது மற்ற நேரம் முழுக்க. மாற்றம் அந்த நேரத்தில்தான் நடக்க வேண்டும்.

ஒரு உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். பாம்பனில் ஒரு வீடு. இது கற்பனைதான், ஆனால் பல வீடுகளுக்குப் பொருந்தும். பத்து வயதுப் பையன். போனைப் பிடுங்கினால் கத்துகிறான். அம்மா ஐந்து நிமிடம் தாங்குகிறார், பத்து நிமிடம் தாங்குகிறார், பக்கத்து வீட்டு அத்தை எட்டிப் பார்க்கவும் "இந்தா, எடுத்துத் தொலை" என்று போனைக் கொடுத்துவிடுகிறார்.

தெரபிஸ்ட் முதல் வாரம் அறிவுரை எதுவும் சொல்லாமல் ஒரு நோட்டுப் போடச் சொல்லலாம். மூன்றே கட்டம். சண்டைக்கு முன்னால் என்ன நடந்தது? பையன் என்ன செய்தான்? அதற்குப் பிறகு என்ன நடந்தது? ஒரு வாரம் எழுதிப் பார்த்தால் அம்மாவுக்கே புரிந்துவிடும். 'பதினைந்து நிமிஷம் கத்தினா போன் கிடைக்கும்' என்று பையனுக்கு வீடே பாடம் எடுத்துக்கொண்டிருக்கிறது. அவன் கெட்ட பையன் இல்லை. நன்றாகப் பாடம் கற்றுக்கொண்ட பையன்.

அடுத்த வாரங்களில் அந்தப் பாடத்தை மாற்றுவார்கள். போன் நேரத்தை முன்கூட்டியே சொல்வது. முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது நினைவூட்டுவது. சொன்ன நேரத்தில் கொடுத்துவிட்டால், "சமத்து" என்று பொதுவாகச் சொல்லாமல், "கேட்ட உடனே போனைக் கொடுத்துட்டியே, எனக்குச் சந்தோஷமா இருக்கு" என்று எதற்காகப் பாராட்டுகிறோம் என்பதைச் சொல்வது. கத்தினால் விட்டுக்கொடுக்காமல் இருப்பது. தினமும் பத்து நிமிடமாவது படிப்பு, மார்க் பேச்சு இல்லாமல் அவன் இஷ்டப்படி அவனோடு இருப்பது. முதல் சில நாட்கள் கத்தல் கூடும் என்று தெரபிஸ்ட் முன்பே எச்சரிப்பார். பழைய வழி வேலை செய்யாதபோது பிள்ளைகள் இன்னும் பலமாக முயற்சி செய்து பார்ப்பார்கள், பிறகுதான் குறையும். இது தெரியாமல் மூன்றாம் நாள் கைவிடுபவர்கள்தான் அதிகம்.

அப்பாவும் பாட்டியும் இதே விதியைப் பின்பற்றாவிட்டால் எல்லாம் வீண். அதனால்தான் மொத்தக் குடும்பத்தையும் கூப்பிடுகிறார்கள்.

பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கு முறை வேறு. அவர்களோடு தனியாகக் கொஞ்ச நேரம், பெற்றோரோடு கொஞ்ச நேரம், பிறகு சேர்ந்து என்று பிரித்துப் பேசுவார்கள்.

துபாய் அப்பாவுக்கு ஆன்லைன் ஒரு வரம்

நேரில் போகும் கவுன்சலிங்கில் வளைகுடா அப்பாவுக்கு இடமே இல்லை. ஆன்லைனில் உண்டு. இந்தியாவில் இரவு 9 மணி என்றால் துபாயில் 7.30, சவுதியில் 6.30. வேலை முடிந்து வரும் நேரம். மூன்று இடத்திலிருந்து மூன்று பேர் ஒரே அழைப்பில் சேரலாம்.

நடைமுறைச் சிக்கல் ஒன்று உண்டு. ஐக்கிய அரபு அமீரகத்தில் வாட்ஸ்அப் காலுக்கு நீண்ட காலமாகக் கட்டுப்பாடு இருக்கிறது. எந்த ஆப்பில் பேசுவது என்று தெரபிஸ்ட்டிடம் முன்பே கேட்டு, ஒருமுறை சோதித்துப் பார்த்துவிடுங்கள். 45 நிமிட அமர்வில் 20 நிமிடம் "ஹலோ, கேக்குதா?" என்று போனால் கஷ்டம்.

இத்தகைய குடும்பங்களில் முதலில் மாற்றச் சொல்வது தினசரி போன் பேச்சைத்தான். "படிச்சியா? மார்க் எவ்வளவு? உம்மாவைத் தொந்தரவு பண்ணாதே" என்ற மூன்றே வாக்கியத்தில் முடியும் அழைப்பு, பிள்ளைக்கு விசாரணை போலத்தான் இருக்கும். வாப்பா தன் நாளைப் பற்றி ஒரு விஷயம் சொல்லி, பிள்ளையின் நாளைப் பற்றி ஒரு விஷயம் கேட்டால் போதும். தொடக்கம் அதுதான்.

சரி, பலன் கிடைக்குமா?

மனச்சோர்வு, பதற்றம் போன்றவற்றுக்கு வீடியோவில் தரப்படும் பேச்சுச் சிகிச்சை, நேரில் தருவதற்குப் பெரும்பாலும் இணையாகப் பலன் தருவதாகப் பல நாட்டு ஆய்வுகள் சொல்கின்றன. பெற்றோர் பயிற்சியிலும் ஆன்லைன் முறைகள் நன்றாகச் செயல்படுகின்றன. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் உருவான 'டிரிபிள் பி' பெற்றோர் பயிற்சி, இணையவழியிலும் தரப்பட்டு ஆய்வு செய்யப்பட்ட ஒன்று. உலக சுகாதார நிறுவனமும் 2023-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில், பெற்றோருக்கான பயிற்சி எல்லோருக்கும் எளிதில் கிடைக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது.

பலன் கிடைக்க இரண்டு நிபந்தனைகள். ஒன்று, இடையில் விடாமல் தொடர்வது. இரண்டு, அமர்வுக்கும் அமர்வுக்கும் நடுவில் சொன்னதை வீட்டில் செய்து பார்ப்பது. டியூஷனுக்குப் போய்விட்டு ஹோம்வொர்க் செய்யாத கதைதான், இல்லையென்றால்.

இந்த இடங்களில் வீடியோ போதாது

நேரில் பார்த்தே ஆக வேண்டிய நிலைகள் உண்டு.

• உயிரை மாய்த்துக்கொள்ளும் பேச்சு: "செத்துடலாம் போல இருக்கு" என்று பிள்ளை சொன்னால் விளையாட்டாக எடுக்காதீர்கள். "அப்படி ஏதாவது யோசனை இருக்கா?" என்று நேரடியாகவே கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. தனியாக விடாதீர்கள். மாத்திரை, விஷ மருந்துகளைப் பூட்டிவையுங்கள். 14416-க்குப் பேசுங்கள், உடனடி ஆபத்து என்றால் 108-ஐ அழைத்து மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள்.

• குடிப்பழக்கம்: தினமும் அதிகம் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு, குழப்ப நிலை வரலாம், அது உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவமனை மேற்பார்வையில்தான் நிறுத்த வேண்டும்.

• வீட்டில் அடி உதை: அடிப்பவர் பக்கத்து அறையில் இருக்கும்போது அடிபடுபவர் வீடியோ காலில் உண்மை பேச முடியாது. சேர்ந்து உட்கார வைக்கும் குடும்ப ஆலோசனை இந்த நிலையில் ஆபத்தாகவே முடியலாம். பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098.

• வளர்ச்சிக் குறைபாடு: இரண்டு வயதாகியும் பேச்சு வரவில்லை, கூப்பிட்டால் திரும்பவில்லை என்றால் நேரடிப் பரிசோதனை தேவை. மாவட்டத்தில் உள்ள ஆரம்பநிலை இடையீட்டு மையத்தைப் பற்றி அங்கன்வாடியிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ கேளுங்கள். கற்றல் குறைபாட்டுக்கான சோதனைகளும் நேரில்தான்.

• யாரோ பேசுவது போலக் கேட்கிறது, எல்லோரும் தன்னைப் பின்தொடர்கிறார்கள் என்று சொல்வது: மனநல மருத்துவரை நேரில் பார்க்க வேண்டும். பிறகு தொடர் ஆலோசனையை ஆன்லைனில் வைத்துக்கொள்ளலாம்.

தனியார் ஆப்: பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவை

தனியார் தளங்களில் ஒரு அமர்வுக்குச் சில நூறு ரூபாயிலிருந்து சில ஆயிரம் வரை கேட்கிறார்கள். இன்ஸ்டாகிராமில் ரீல்ஸ் நன்றாக இருக்கிறது என்பது தகுதி ஆகாது.

மனநல மருத்துவர் என்றால் எம்பிபிஎஸ் முடித்து மனநல மருத்துவத்தில் பட்டம் பெற்றவர். மாநில மருத்துவ கவுன்சில் பதிவு எண் இருக்கும். மருந்து எழுதலாம். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு இருக்க வேண்டும். இவர்கள் மருந்து எழுத மாட்டார்கள். 'கவுன்சலர்', 'லைஃப் கோச்', 'பேரன்டிங் கோச்' என்ற பட்டங்களுக்கு இப்படிப்பட்ட இறுக்கமான கட்டுப்பாடு இதுவரை இருந்ததில்லை. 2021-ல் வந்த துணை மருத்துவத் தொழில்களுக்கான தேசியச் சட்டம் ஆலோசகர்களையும் பதிவுக்குள் கொண்டுவர வழி செய்கிறது. அது முழுமையாக நடைமுறைக்கு வரும்வரை கேட்டுத் தெரிந்துகொள்வது நம் வேலை.

கேளுங்கள்: என்ன படித்திருக்கிறீர்கள்? பதிவு எண் என்ன? குடும்பங்களோடும் குழந்தைகளோடும் வேலை செய்த அனுபவம் உண்டா? தமிழில் பேசுவீர்களா? எத்தனை அமர்வு ஆகும்? அவசரம் என்றால் என்ன செய்வீர்கள்? நல்ல தெரபிஸ்ட் இதற்கெல்லாம் கோபப்பட மாட்டார். முதல் நாளே 20 அமர்வுக்கு மொத்தமாகப் பணம் கட்டச் சொன்னால் யோசியுங்கள்.

பிள்ளைக்கு 18 வயது ஆகவில்லை என்றால், 2020 மார்ச்சில் வந்த தொலைமருத்துவ வழிகாட்டுதலின்படி, மருத்துவரின் ஆன்லைன் ஆலோசனையில் அடையாளம் உறுதிசெய்யப்பட்ட பெரியவர் ஒருவர் உடன் இருக்க வேண்டும்.

ஏஐ சாட்பாட்டிடம் மனசைக் கொட்டுவது இப்போது சாதாரணமாகிவிட்டது. அதனிடம் பொதுத் தகவல் கேட்கலாம். ஆனால் நீங்கள் சொல்வதை ஆமோதித்துக்கொண்டே போகும் தன்மை அதற்கு உண்டு. ஆபத்தான நேரத்தில் வீட்டுக்கு ஆள் அனுப்ப அதனால் முடியாது. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலம் ஏஐ-யே தெரபி செய்வதை 2025-ல் சட்டம் போட்டுத் தடை செய்தது.

நான் சொன்னது வெளியே போகாதே?

உங்கள் மனநலத் தகவல்களைச் சிகிச்சை தருபவர் ரகசியமாக வைத்திருக்க வேண்டும் என்பது 2017 சட்டம் தரும் உரிமை. விதிவிலக்குகளும் உண்டு. உங்கள் உயிருக்கோ மற்றவர் உயிருக்கோ ஆபத்து என்றால் தெரபிஸ்ட் உரியவர்களுக்குச் சொல்லலாம். குழந்தை பாலியல் வன்முறைக்கு ஆளானது தெரியவந்தால் போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும்.

ஆள் ரகசியம் காத்தாலும் ஆப் காக்குமா என்பது தனிக் கேள்வி. அமெரிக்காவின் பெரிய ஆன்லைன் தெரபி நிறுவனமான பெட்டர்ஹெல்ப், வாடிக்கையாளர்களின் தகவல்களை விளம்பரத்துக்காக ஃபேஸ்புக் போன்ற நிறுவனங்களுக்குக் கொடுத்ததாக அந்நாட்டு வர்த்தக ஆணையம் குற்றம்சாட்டியது. 2023-ல் அந்த நிறுவனம் 78 லட்சம் டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது. ஆகவே காண்டாக்ட்ஸ், போட்டோ கேலரி என்று சம்பந்தமே இல்லாத அனுமதி கேட்டால் மறுத்துவிடுங்கள்.

ஒரே அறை வீட்டில் எப்படிப் பேசுறது?

நம்ம ஊரில் ஆன்லைன் தெரபிக்குப் பெரிய சவால் நெட்வொர்க் இல்லை, சுவர்தான். சொந்தக்காரர்கள் நெருக்கமாக வாழும் தெருவில், ஜன்னல் வழியே பேச்சு நாலு வீட்டுக்குக் கேட்கும். சில வழிகள்:

• இயர்போன் போட்டால் எதிர்முனைப் பேச்சு யாருக்கும் கேட்காது. பாதி ரகசியம் அங்கேயே காப்பாற்றப்பட்டுவிடும்.

• மொட்டை மாடி, நிறுத்திய கார், சொந்தக்காரர் வீட்டுக் காலி அறை என்று ஒரு இடத்தை முடிவு செய்யுங்கள். வீட்டில் மின்விசிறியோ டிவியோ சத்தமாக ஓடட்டும்.

• யாராவது உள்ளே வந்தால் சொல்ல ஒரு குறிச்சொல்லை முன்பே பேசிவையுங்கள். "மீன் வாங்கணும், அப்புறம் பேசுறேன்" என்றால் தெரபிஸ்ட் புரிந்துகொண்டு நிறுத்திவிடுவார்.

• போன் வீட்டில் பொதுவானது என்றால் நோட்டிஃபிகேஷனை அணைத்துவையுங்கள்.

• சிக்னல் விட்டு விட்டு வந்தால் வீடியோவை அணைத்துவிட்டு வெறும் குரலில் பேசுங்கள். பலன் ஒன்றும் குறைந்துவிடாது.

முதல் போனில் என்ன சொல்ல?

பலர் எண்ணை அழுத்திவிட்டு, எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் கட் செய்துவிடுகிறார்கள். மூன்று வாக்கியம் தயாராக வைத்துக்கொண்டால் போதும். யாருக்காகப் பேசுகிறீர்கள், என்ன நடக்கிறது, எத்தனை நாளாக.

"என் பையனுக்காகப் பேசுறேங்க. பத்தாவது படிக்கிறான். மூணு வாரமா ஸ்கூலுக்குப் போக மாட்டேங்கிறான், சரியா சாப்பிடுறதில்லை. என்ன பண்றதுன்னு தெரியல." இவ்வளவு போதும். மிச்சத்தை அவர்களே கேட்டு வாங்கிக்கொள்வார்கள். அழுகை வந்தால் அழுங்கள், எதிர்முனையில் காத்திருப்பார்கள்.

வேலைக்காகச் சென்னையிலோ பெங்களூருவிலோ இருக்கும் இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. ஊரில் இருக்கும் அம்மாவோ அக்காவோ இந்தக் கட்டுரையைப் படிக்காமல் போகலாம். "கவுன்சலிங் போங்க" என்று சொன்னால் "எனக்கென்ன பைத்தியமா?" என்று கோபமும் வரலாம். அதற்குப் பதில், "தம்பி விஷயமா ஒரு மேடம்கிட்ட பேசிப் பார்ப்போமா, நானும் லைன்ல இருக்கேன்" என்று சொல்லிப் பாருங்கள். கான்ஃபரன்ஸ் போட்டுக் கொடுங்கள். முதல் அழைப்புக்கு மட்டும் நீங்கள் இருந்தால் போதும். அடுத்ததை அவர்களே பேசிக்கொள்வார்கள்.

கையில் வைத்திருக்க வேண்டிய எண்கள்

• டெலி மானஸ் / நட்புடன் உங்களோடு மனநல சேவை: 14416
• தமிழக அரசின் மருத்துவ உதவி எண்: 104
• குழந்தைகள் உதவி எண்: 1098
• பெண்கள் உதவி எண்: 181
• ஆம்புலன்ஸ்: 108
• சினேகா தற்கொலைத் தடுப்பு மையம், சென்னை: 044-24640050